டைகர் ஹில் முதல் தார் பாலைவனம் வரை: ராணுவ லேசர் குறிகாட்டிகளின் பலம் பராமரிப்பில்தான் இருக்கிறது

புதுடெல்லி: கார்கில் போரின் திசையை மாற்றிய தாக்குதல்களுள் ஒன்று 1999-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி நடந்தது. அன்று இந்திய விமானப்படையின் மிராஜ்-2000 விமானங்கள், கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ள டைகர் ஹில் சிகரத்தின் மீது லேசர் வழிகாட்டு குண்டுகளை வீசின. சிகரத்தில் பதுங்கியிருந்த பாகிஸ்தான் படையினரின் கட்டளை நிலை அந்தத் தாக்குதலில் சிதைந்தது. அப்போதைய விமானப்படைத் தளபதி ஏர் சீஃப் மார்ஷல் ஏ.ஒய். டிப்னிஸ், அன்றைய பயணத்தில் ஒரு மிராஜ் விமானத்தில் அமர்ந்து தாக்குதலை நேரில் பார்த்தார். பத்து நாள்களுக்குப் பின், ஜூலை 4-ஆம் தேதி, டைகர் ஹில் இந்திய ராணுவத்தின் வசமானது.

இந்த வரலாற்றில் விமானிகளின் துணிவும் காலாட்படையினரின் தியாகமும் முறையாகவே போற்றப்படுகின்றன. அதே வேளையில், விமானத்தின் அடியில் தொங்கிய சுமார் 200 கிலோ எடையுள்ள ஒரு கருவியும் அதைப் பறப்புக்குத் தயார்செய்த தரைப்பணிக் குழுவும் அதிகம் பேசப்படுவதில்லை. இஸ்ரேலின் ரஃபேல் நிறுவனம் தயாரித்த 'லைட்னிங்' என்ற இலக்குக் குறிகாட்டிப் பெட்டகமே அந்தக் கருவி. விமானப்படையினர் இதை 'பாட்' என்று சுருக்கமாக அழைக்கின்றனர். இந்த பாட் வேலை செய்யாமல் போயிருந்தால், லேசர் குண்டு சாதாரண குண்டாகவே விழுந்திருக்கும்.

இன்று போர் விமானங்கள், ஹெலிகாப்டர்கள், டாங்கிகள், டிரோன்கள் ஆகியவற்றிலும் தரைப்படை வீரர்களின் கைகளிலும் லேசர் குறிகாட்டிகளும் தொலைவுமானிகளும் பரவலாகிவிட்டன. வாங்கும்போது செய்தியாகும் இக்கருவிகள், வாங்கிய பின் எப்படிக் காக்கப்படுகின்றன என்பது பாதுகாப்புத் துறையின் முக்கியமான கேள்வியாக எழுந்துள்ளது.

கண்ணுக்குத் தெரியாத சுட்டுவிரல்

லேசர் குறிகாட்டியின் அடிப்படை எளிமையானது. இலக்கின் மீது ஒரு லேசர் புள்ளி வைக்கப்படுகிறது. அங்கிருந்து சிதறித் திரும்பும் ஒளியைக் குண்டின் முனையிலுள்ள உணரி தேடிப் பிடிக்கிறது. உணரி நான்கு கால்வட்டப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தப் பகுதியில் ஒளி அதிகம் விழுகிறதோ, அந்தத் திசையில் குண்டின் சிறு இறக்கைகள் திரும்புகின்றன. நான்கு பகுதிகளிலும் ஒளி சமமாக விழும்வரை இந்தத் திருத்தம் தொடர்கிறது.

இதற்குப் பெரும்பாலும் 1,064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் பயன்படுத்தப்படுகிறது. மனிதக் கண்ணுக்கு இது தெரியாது. லேசர் தொடர்ச்சியாக அல்லாமல், துடிப்புகளாக வெளிவருகிறது. துடிப்புகளுக்கு இடையிலான கால இடைவெளியே ஒரு சங்கேத எண்ணாகச் செயல்படுகிறது. குறிகாட்டியிலும் குண்டிலும் ஒரே எண் பதிவாகியிருந்தால்தான் குண்டு அந்தப் புள்ளியை ஏற்கும். எண் மாறினால், எல்லாக் கருவிகளும் சரியாக இயங்கினாலும் குண்டு வழி தவறும்.

தொலைவை அளப்பதும் இதே ஒளிதான். பத்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள இலக்குக்குச் சென்று திரும்ப ஒளிக்கு ஒரு விநாடியின் லட்சத்தில் ஏழு பங்குக்கும் குறைவான நேரமே ஆகும். இத்தனை நுண்ணிய நேரத்தை அளக்கும் மின்னணுச் சுற்று, உறைபனியிலும் கொதிக்கும் மணலிலும் பிழையின்றி இயங்க வேண்டும்.

ஒரு மயிரிழை விலகினால் பத்து மீட்டர்

பாட்டின் சுழலும் தலைப்பகுதியில் அகச்சிவப்புக் கேமரா, பகல் நேரக் கேமரா, லேசர் ஆகிய மூன்றும் அடுத்தடுத்துப் பொருத்தப்பட்டுள்ளன. விமானி திரையில் காணும் குறுக்குக்கோட்டின் மையமும் லேசர் சென்று விழும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த ஒத்திசைவைத் தொழில்நுட்பப் பணியாளர்கள் 'போர்சைட்' என்கின்றனர்.

இதில் நேரும் பிழையின் விளைவைக் கணக்கிடுவது கடினமன்று. ஒரு மில்லிரேடியன் என்பது ஒரு மீட்டர் நீளக் கோலின் முனை ஒரு மில்லிமீட்டர் விலகுவதற்குச் சமம். கண்ணுக்கே புலப்படாத இந்த விலகல், பத்து கிலோமீட்டர் தொலைவில் பத்து மீட்டர் பிழையாகிவிடும். பதுங்கு குழி தப்பிவிடலாம். பக்கத்து வீடு சிக்கிவிடலாம். எதிரிக்கு அருகில் போரிடும் சொந்தப் படையினரே தாக்கப்படலாம்.

விமானம் தரையிறங்கும் அதிர்வு, பெட்டியைச் சற்றே பலமாகக் கீழே வைப்பது, பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப மாற்றத்தில் உலோகச் சட்டம் விரிந்து சுருங்குவது ஆகிய மூன்றும் இந்த ஒத்திசைவைக் குலைக்கக் கூடியவை. எனவே கருவி பழுதாகாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் போர்சைட் சரிபார்ப்பது கட்டாயமாகிறது. கீழே விழுந்த கருவி வெளியில் கீறலின்றி இருந்தாலும், சோதிக்கப்படும்வரை அது பழுதான கருவியாகவே கருதப்பட வேண்டும். விழுந்ததைச் சொல்ல அஞ்சி மறைக்கும் படைவீரர், தாம் அறியாமலேயே போர்முனையில் ஒரு பிழையை விதைக்கிறார். தண்டனைக்கு அஞ்சாமல் உண்மையைச் சொல்லும் சூழலும் பராமரிப்பின் ஒரு பகுதி என்பது இதனால்தான்.

மணல், பனி, உப்பு

இந்தியப் படைகள் இயங்கும் நிலப்பரப்பு இக்கருவிகளுக்குப் பெரும் சோதனை. ராஜஸ்தானின் பொக்ரான், மகாஜன் பயிற்சிக் களங்களில் கோடைக்கால வெயில் 45 டிகிரி செல்சியஸைக் கடக்கிறது. வெயிலில் நிற்கும் டாங்கியின் உட்புறம் அதைவிடவும் சூடேறுகிறது. டி-90 டாங்கிகளின் வெப்பப் படக் கருவிகள் பாலைவன வெப்பத்தில் தடுமாறியது 2000-களில் பரவலாகப் பேசப்பட்டது. டாங்கிக்குள் குளிரூட்டும் வசதி தேவை என்ற கோரிக்கை வலுப்பெற அதுவும் ஒரு காரணம்.

லடாக்கில் நிலைமை நேரெதிர். அங்கு குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்குகிறது. மின்கலங்களின் திறன் குளிரில் வேகமாகக் குறைகிறது. மசகு எண்ணெய் இறுகுகிறது. இவற்றைவிட ஆபத்தானது ஈரம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வருபவரின் மூக்குக்கண்ணாடியில் நொடியில் புகை படிவதைப் போல, வெளியிலிருந்து சூடான பதுங்கு அறைக்குள் கொண்டுவரப்படும் கருவியின் மீது நீர்த்துளிகள் படிகின்றன. முத்திரை வளையம் தளர்ந்திருந்தால் அந்த ஈரம் லென்சுக்கு உள்ளேயும் நுழைகிறது. அதே கருவி மீண்டும் வெளியே சென்றால், அந்த ஈரம் பனிக்கட்டியாகிறது. இதைத் தவிர்க்க, கருவியை மூடிய பெட்டிக்குள்ளேயே வைத்து, அறையின் வெப்பநிலைக்கு மெல்ல வரவிட்ட பிறகே திறக்க வேண்டும் என்பது பாலபாடம்.

இக்கருவிகளின் உட்புறத்தில் காற்றுக்குப் பதிலாக உலர்ந்த நைட்ரஜன் வாயு நிரப்பப்படுவதும் ஈரத்தைத் தடுக்கவே. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளும் ஈரப்பதம் காட்டும் அட்டையும் வைக்கப்படுகின்றன. நீல நிறம் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள். சில ரூபாய் மதிப்புள்ள இந்த அட்டையைத் தவறாமல் பார்ப்பது, பல கோடி ரூபாய்க் கருவியைக் காக்கும் முதல் காவல்.

கடற்படைக்கு எதிரி உப்பு. கடற்காற்றில் கலந்துவரும் உப்புத் துகள் லென்சில் படிந்து காய்ந்தால், அதன் மேற்பூச்சை அரிக்கிறது. மின் இணைப்பு முனைகளில் துருவையும் உண்டாக்குகிறது.

துடைப்பதற்கும் இலக்கணம் உண்டு

லேசர் கருவியின் முகப்புச் சாளரம் சாதாரணக் கண்ணாடி அன்று. துத்தநாக சல்ஃபைடு, நீலமணிப் படிகம் போன்ற பொருள்களால் அது செய்யப்படுகிறது. துத்தநாக சல்ஃபைடு கண்ணாடியைவிட மென்மையானது. அதன் மேல் ஒளி எதிரொளிக்காமல் தடுக்கும் மிக மெல்லிய பூச்சு இருக்கிறது. சீருடையின் கைப்பகுதியால் ஒருமுறை துடைத்தாலே, அதில் ஒட்டியிருக்கும் மணல் துகள் அந்தப் பூச்சைக் கீறிவிடும்.

ஆகவே சுத்தம் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உலர்ந்த, எண்ணெய்ப் பசையற்ற காற்றால் தூசியை ஊதி அகற்ற வேண்டும். வாயால் ஊதக் கூடாது. பின்னர் மென்தூரிகை. அதன் பிறகே, தயாரிப்பாளர் அனுமதித்த திரவத்தில் நனைத்த லென்ஸ் தாளால், அழுத்தாமல், ஒரே திசையில் துடைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய தாளை மறுமுறை பயன்படுத்தக் கூடாது. தூசி தொலைவிலிருந்து பார்க்கையில் அற்பமாகத் தெரியலாம். ஆனால் வலிமையான லேசர் துடிப்பு வெளியேறும் பாதையில் அந்தத் துகள் இருந்தால், அது ஆற்றலை உறிஞ்சிச் சூடேறி, பூச்சிலேயே கரும்புள்ளியைச் சுட்டுவிடும்.

அழுக்கான சாளரம் வேறொரு ஆபத்தையும் தருகிறது. லேசர் ஒளியின் ஒரு பகுதி கருவிக்கு அருகிலேயே சிதறுகிறது. தரையிலிருந்து வீரர் ஒருவர் குறிகாட்டியை இயக்கும்போது, முன்னால் நிற்கும் புல்லோ கிளையோ ஒளியைத் திருப்பினாலும் இதே நிலைதான். குண்டின் உணரி இலக்கை விட்டு அந்தச் சிதறலைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. குறிகாட்டியை இயக்குபவரை நோக்கிய திசையில் விமானம் தாக்கக் கூடாது என்று போர் நடைமுறைகள் வலியுறுத்துவது இதன் காரணமாகவே.

ஒரு மின்கலம் சொன்ன பாடம்

இலக்குக் கருவியைக் கையாள்வதில் நேரும் சிறு பிழை எத்தனை உயிர்களை வாங்கும் என்பதற்கு ஆப்கானிஸ்தானில் நடந்த ஒரு நிகழ்வு சான்று. 2001-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி, காந்தஹாருக்கு அருகே அமெரிக்க பி-52 விமானம் வீசிய குண்டு, குண்டு கேட்ட அமெரிக்கச் சிறப்புப் படையினரின் நிலை மீதே விழுந்தது. மூன்று அமெரிக்க வீரர்களும் அவர்களுடன் இருந்த ஆப்கானியப் போராளிகள் சிலரும் உயிரிழந்தனர். பின்னாளில் அந்நாட்டின் அதிபரான ஹமீத் கர்சாய் லேசான காயத்துடன் தப்பினார்.

இலக்கின் ஆயங்களைக் கணக்கிட்ட ஜி.பி.எஸ். கருவியின் மின்கலம் நடுவே மாற்றப்பட்டதும், புதிய மின்கலத்துடன் இயங்கத் தொடங்கிய கருவி, அது இருந்த இடத்தின் ஆயங்களையே திரையில் காட்டியதும் பின்னர் வெளியான தகவல்களில் தெரியவந்தன. கருவி பழுதாகவில்லை. அது வடிவமைக்கப்பட்டபடியே இயங்கியது. மின்கலம் மாற்றிய பின் எண்களை மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்ற ஒரு வரிப் பழக்கம்தான் அங்கே இல்லாமல் போனது.

வலியின்றிப் பறிபோகும் பார்வை

பராமரிப்புப் பணியாளர் காக்க வேண்டியது கருவியை மட்டுமன்று. 1,064 நானோமீட்டர் லேசர் கண்ணின் முன்பகுதியை எளிதாகக் கடந்து விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிகிறது. ஒளி தெரியாததால் இமை தானாக மூடுவதில்லை. விழித்திரையில் வலி உணர்வும் இல்லை. பார்வையில் கரும்புள்ளி தோன்றிய பிறகே பாதிப்பு தெரியவருகிறது. அதற்குள் இழப்பு நிரந்தரமாகியிருக்கலாம். தொலைநோக்கி வழியே லேசரைப் பார்த்தால் ஆபத்து பன்மடங்காகும். கண்ணாடிச் சன்னல், வாகனத்தின் முகப்பு விளக்கு, தேங்கிய நீர் ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் கற்றையும் பாதுகாப்பானது அன்று.

சாதாரண வெயில் கண்ணாடி இதைத் தடுக்காது. குறிப்பிட்ட அலைநீளத்துக்கென வடிவமைக்கப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடியே பயன்தரும். விமானம் தரையில் நிற்கும்போது லேசர் இயங்காதபடி தடுக்கும் பூட்டு அமைப்புகள் உள்ளன. பணிமனையில் சோதனைக்காக இயக்கும்போது, கற்றையை முழுதாக விழுங்கும் தடுப்புப் பெட்டி முன்னால் வைக்கப்பட வேண்டும். பயிற்சிக்கும் தொலைவு அளப்பதற்கும், விழித்திரையை எட்டாமல் கண்ணின் முன்பகுதியிலேயே உறிஞ்சப்படும் 1.5 மைக்ரான் அளவிலான லேசர் இப்போது அதிகம் பயன்படுகிறது.

பார்வையைப் பறிப்பதற்கென்றே உருவாக்கப்படும் லேசர் ஆயுதங்களை 1995-ஆம் ஆண்டின் சர்வதேச நெறிமுறை தடைசெய்கிறது. இந்தியாவும் அதை ஏற்றுள்ளது. இலக்குக் குறிகாட்டிகளுக்கு அந்தத் தடை பொருந்தாது. ஆயினும் அவற்றைப் பயன்படுத்துகையில் பார்வை இழப்பு நேராதவாறு நாடுகள் எல்லா முன்னெச்சரிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்று அதே நெறிமுறை கூறுகிறது.

பூட்டிய பெட்டியின் சாவி யாரிடம்?

பராமரிப்பில் அரசியல் நுழையும் இடம் உதிரிபாகம். அகச்சிவப்புக் கேமராவின் உணரி, பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 200 டிகிரி வரை குளிர்விக்கப்பட்டால்தான் தெளிவாகப் பார்க்கும் வகையைச் சேர்ந்தது. அதைக் குளிர்விக்கும் நுண் இயந்திரத்துக்கு வரையறுக்கப்பட்ட இயங்குநேரம் உண்டு. அது முடிந்தால் மாற்றியே ஆக வேண்டும். மாற்று பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமெனில், கருவியும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

1998 மே மாதப் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா விதித்த தடைகளால், கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்களுக்கான உதிரிபாகங்கள் தடைபட்டன. இலகுரகப் போர் விமானத் திட்டமும் பின்தங்கியது. அடுத்த ஆண்டே கார்கில் போர் வந்தது. வாங்கிய ஆயுதத்தின் சாவி விற்றவரிடமே இருக்கக்கூடும் என்பதை அந்த ஓராண்டு உணர்த்தியது.

அதன் பின் உள்நாட்டுத் திறன் வளர்ந்துள்ளது. டேராடூனில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் ஐ.ஆர்.டி.இ. ஆய்வகம் ஒளியியல் கருவிகளை வடிவமைக்கிறது. அரசின் படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, ஒளியியல் கருவிகளுக்காக இந்தியா ஆப்டெல் நிறுவனம் உருவானது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இத்துறையில் முக்கியப் பங்கு வகிக்கிறது. 2020 செப்டம்பர் 22-ஆம் தேதி, மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் களத்தில், ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கியிலிருந்து ஏவப்பட்ட லேசர் வழிகாட்டு ஏவுகணை மூன்று கிலோமீட்டர் தொலைவு இலக்கைத் தாக்கியது.

எனினும் வடிவமைப்பதும் பல்லாண்டுகள் பழுதுபார்ப்பதும் வெவ்வேறு திறன்கள். படைப்பிரிவில் செய்யத்தக்க சிறு சீரமைப்பு, களப் பணிமனை, தலைமைப் பணிமனை, தயாரிப்பாளர் எனப் பழுதுநீக்கம் பல படிகளாக நடக்கிறது. லேசர் கருவிகளைப் பொறுத்தவரை, தூசியற்ற அறையும் ஒத்திசைவுச் சோதனைக் கருவியும் தேவைப்படுவதால், சிறு கோளாறும் மேல்படிக்குச் செல்ல நேர்கிறது. எல்லையிலிருந்து பணிமனைக்கும் பணிமனையிலிருந்து எல்லைக்கும் நடக்கும் பயணத்தில் கருவி மீண்டும் குலுங்குகிறது.

2020-ஆம் ஆண்டின் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை, ஆயுள்காலப் பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கும் செயல்திறன் அடிப்படையிலான ஒப்பந்தங்களுக்கும் இடமளிக்கிறது. 36 ரஃபால் விமானங்களுக்கான 2016 ஒப்பந்தத்தில், குறைந்தது 75 விழுக்காடு விமானங்கள் எப்போதும் பறக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. இதே அளவுகோல் சிறு ஒளியியல் கருவிகளுக்கும் விரிவடைந்தால், எத்தனை வாங்கினோம் என்பதைவிட எத்தனை இயங்குகின்றன என்பது கணக்காகும்.

நான்கு ஆண்டுகள் போதுமா?

மிச்சமிருப்பது மனித வளம் குறித்த கேள்வி. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, சேரும் வீரர்களின் பணிக்காலம் பயிற்சி உள்பட நான்கு ஆண்டுகள். அவர்களில் 25 விழுக்காடு வரையிலானோர் மட்டுமே நிரந்தரப் பணியில் தொடர முடியும். 2022-இன் இறுதியில் பயிற்சி தொடங்கிய முதல் அணியினரின் நான்காண்டுக் காலம் 2026-இன் இறுதியில் நிறைவடைகிறது.

ஒளியியல் கருவியைப் பிரித்துச் சேர்க்கும் பணியாளரின் கை பழகுவதற்கு ஆண்டுகள் ஆகும். கையேட்டில் எழுத முடியாத நுணுக்கங்களை மூத்தவர் அருகிலிருந்து கற்பதே இத்துறையின் வழக்கம். அந்த அனுபவம் நிலைபெறும் நேரத்தில் பணியாளர் வெளியேறினால் இழப்பு படைக்கே என்று விமர்சகர்கள் கூறுகின்றனர். தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் பயின்றவர்களுக்கு முன்னுரிமை அளிப்பதால் அடிப்படைத் திறன் பெற்றவர்களே சேர்வார்கள் என்பதும், சிறந்தவர்கள் தக்கவைக்கப்படுவார்கள் என்பதும் அரசுத் தரப்பு ஆதரவாளர்களின் வாதம். தொழில்நுட்பப் பிரிவுகளில் எத்தனை பேர் தக்கவைக்கப்படுகிறார்கள் என்பதே இந்த விவாதத்துக்கான விடையைத் தரும்.

லேசரின் தேவை குறைந்துவிடும் என்ற கருத்தும் உண்டு. 2019 பிப்ரவரியில் பாலாகோட் தாக்குதலில் பயன்படுத்தப்பட்ட ஸ்பைஸ் குண்டுகளுக்கு லேசர் புள்ளி தேவைப்படவில்லை. முன்பே பதிவான படத்தோடு இலக்கை ஒப்பிட்டு அவை வழி கண்டன. மேகமும் புகையும் லேசரைத் தடுக்கும் என்பதும் உண்மை. ஆயினும் நகரும் வாகனத்தையும், கடைசி நேரத்தில் தெரியவரும் இலக்கையும் சுட்டிக்காட்ட லேசர் இன்றும் எளிய வழியாக நீடிக்கிறது. செயற்கைக்கோள் சமிக்ஞைகளை முடக்கும் மின்னணுப் போர் பெருகிவரும் காலத்தில் அதன் மதிப்பு கூடவே செய்கிறது. சிறிய டிரோன்களிலும் குறிகாட்டிகள் இடம்பெறுவதால், பராமரிக்க வேண்டிய கருவிகளின் எண்ணிக்கையும் உயரும்.

ஆண்டுதோறும் ஜூலை 26-ஆம் தேதி கார்கில் வெற்றி தினம் கொண்டாடப்படுகிறது. டைகர் ஹில்லின் மீது அன்று விழுந்த லேசர் புள்ளி சரியான இடத்தில் இருந்ததற்கு, பறப்பதற்கு முன் அதன் சாளரத்தைத் துடைத்து, ஒத்திசைவைச் சோதித்து, சங்கேத எண்ணைச் சரிபார்த்த தரைப்பணியாளர்களும் காரணம். அடுத்த தலைமுறைக் கருவிகளுக்கு நிதி ஒதுக்கப்படும்போது, அந்தக் கைகளுக்கான பயிற்சிக்கும் பணிமனைக்கும் உதிரிபாகத்துக்கும் சேர்த்தே ஒதுக்கப்படுகிறதா என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.